தோளும் கையும் மூடிய வெள்ளைக் கவுண்: வன்னியில் வாடகைக்கு எடுப்பதா, தைப்பிப்பதா?

வவுனியா, கிளிநொச்சி, மன்னார் நகரங்களில் மணப்பெண் கவுண் வாடகைக்கு விடும் கடைகளிலும் பார்லர்களிலும் தொங்குகிற கவுண்களில் பெரும்பாலானவற்றுக்குத் தோளே கிடையாது. சிலவற்றில் ஒரு விரல் அகல நாடா இருக்கும். சிலவற்றில் தோலின் நிறத்தில் மெல்லிய நெற் இருக்கும். கை வைத்தது, கழுத்து மூடியது இருக்கிறதா என்று கேட்டால், "பிரச்சினையில்லை அக்கா, இதிலயே கை பிடிச்சுத் தரலாம்" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பி முற்பணம் கட்ட வேண்டாம். தோளில்லாமல் வெட்டிய கவுணுக்குப் பிறகு பிடித்த கை அழகாகவும் வராது, உறுதியாகவும் நிற்காது. வன்னியில் இந்தத் தேவைக்கு மிக நல்ல சேவையைத் தருவது கண்ணாடி போட்ட கடை அல்ல, பொறுமையாக அளவெடுக்கும் தையற்காரிதான்.

மோர்மன்கள் என்று வெளியார் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைப் பெண்களுக்கு மூடிய கவுண் விருப்பம் சார்ந்ததல்ல, விதி. ஆலயம் என்று அவர்கள் சொல்வது ஞாயிறு கூடும் சபைக் கட்டடத்தை அல்ல, சடங்குகளுக்கென்றே உள்ள தனிக் கட்டடத்தை. தம்பதியரை நித்தியத்துக்கும் இணைக்க அங்கே நடக்கும் சடங்குதான் முத்திரிப்பு. ஆலயத்தில் முத்திரிக்கப்படும் மணப்பெண்ணின் உடை வெள்ளையாக இருக்க வேண்டும். வெட்டும் துணியும் அடக்கமாக இருக்க வேண்டும், வேலைப்பாடு மிகக் கூடாது. ஊடாகத் தெரியும் துணிக்கு உள்துணி கட்டாயம். கை முழுக்கையாகவோ முக்கால் கையாகவோ வர வேண்டும். பின்னால் இழுபடும் வால் இருந்தால் சடங்கின்போது அதைத் தூக்கிக் குத்தவோ கழற்றவோ முடிய வேண்டும். ஆலயத்தில் கடவுளோடு உடன்படிக்கை செய்தவர்கள் தோளிலிருந்து முழங்கால் வரை அணியும் உள்ளாடையைக் கவுண் முழுதாக மறைக்கவும் வேண்டும். இதில் எதையும் அன்று காலை ஊசி குத்திச் சமாளிக்க முடியாது, வெட்டும்போதே நினைத்து வெட்ட வேண்டும்.

வன்னியில் அந்தச் சபைப் பெண்கள் அரிது. ஆனால் தோள் மூடிய கவுண் தேடி அலைகிறவர்கள் அரிதல்ல. பெந்தெகொஸ்தே சபைப் பெண்கள், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்கள், கோயிலுக்குள் தோளை மூடி வரச் சொல்லும் பங்குகளின் கத்தோலிக்கப் பெண்கள் எல்லோரும் கடையில் முட்டுவது இதே சுவரில்தான். மோர்மன் மணப்பெண்ணின் விதி எல்லாவற்றிலும் கண்டிப்பானது. அதற்குப் பொருந்தும் கவுண் மற்ற எந்தக் கோயிலுக்கும் பொருந்தும். ஆகவே அதையே அளவுகோலாக வைத்து இங்கே ஒவ்வொரு வழியையும் பார்க்கிறோம்.

வாடகைக் கடை

தோளில்லாத கவுண் தோளில் தொங்குவதில்லை. உள்ளே தைத்த கம்பிகளும் இடுப்பைச் சுற்றிய உள்பட்டியும்தான் அதைத் தாங்குகின்றன. அதற்குக் கைக்குழி கிடையாது, அக்குளுக்குக் கீழே நேராக வெட்டி முடித்திருப்பார்கள். அதில் கை பிடிக்கும்போது, தோளில் ஒரு துண்டு நெற் போட்டு, அந்த நெற்றில் கையைத் தொங்கவிட்டு, மிச்சத்தைக் கவுணின் மேல்விளிம்பில் ஒட்டித் தைப்பார்கள். மணப்பெண் நேராக நிற்கும்வரை குறை தெரியாது. மாலை போடக் கையைத் தூக்கியதும் கை மேலே இழுக்கும், அதோடு மேலுடல் முழுவதும் எழும்பும், இடுப்புத் தையல் விலாவுக்கு ஏறும். துணி விட்டுக்கொடுக்காவிட்டால் அக்குளில் நெற் கிழியும். கிழிவது எப்போதும் அங்கேதான், பாரம் முழுவதும் அந்த ஒரு அங்குலத்தில் விழுகிறது.

நிறமும் இடிக்கும். பலமுறை கழுவிய வாடகைக் கவுண் மெல்ல மஞ்சளடித்திருக்கும், புது நெற் நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். கடையின் ரியூப் லைற் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தால்தான் உண்மை தெரியும், படத்திலும் அப்படித்தான் விழும்.

இன்னும் ஒரு தடை, கவுண் கடையின் சொத்து. வெட்ட விடமாட்டார்கள், மேலால் தொட்டுத் தைக்கத்தான் விடுவார்கள். "உள்ளுக்கு வெள்ளை ரீசேட் ஒன்று போடுங்கோ தங்கச்சி" என்று சொல்கிற கடைகளும் உண்டு. வேண்டாம். பின்னல் துணிமேல் சற்றின் நழுவும், கழுத்தோரம் மடிப்பு விழும், பார்க்கிறவர்களுக்கு அது உள்ளுடுப்பு என்று உடனே விளங்கும்.

வாடகைதான் கட்டாயம் என்றால் ஒரே ஒரு நல்ல வழி இருக்கிறது. கவுணைத் தொடாமல், மேலே போடத் தனியாக ஒரு குட்டைச் சட்டை தைப்பது. லேஸில் வெட்டி, மெல்லிய வெள்ளை வொயில் உள்துணி வைத்து, இடுப்புக் கோட்டுக்கு 1 அங்குலம் கீழே முடிய வேண்டும். முன்பக்கம் திறந்த மாதிரி எடுக்காதீர்கள், நெஞ்சு திறந்தே இருக்கும். பின்னால் பொத்தான் வைத்து, முன்னால் கழுத்தெலும்பு வரை மூடிய வெட்டு வேண்டும். கீழ்விளிம்பில் பக்கத்துக்கு இரண்டாக 4 கொளுக்கி வைத்துக் கவுணின் இடுப்புத் தையலில் மாட்டுங்கள். கொளுக்கி இல்லாவிட்டால் கை தூக்கியதும் சட்டை ஏறி, கவுணின் விளிம்பு வெளியே வரும். இதற்கு 2 மீற்றர் லேஸும் 2 மீற்றர் வொயிலும் போதும். சட்டை உங்களுடையதாகவே இருக்கும், கவுணைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம்.

முற்பணம் கட்டுமுன் பற்றுச்சீட்டில் எழுதுவிக்க வேண்டியவை: கவுணின் அடையாளம், எடுக்கும் நாள், திருப்பும் நாள், பிந்தினால் என்ன கூலி, கழுவும் கூலி யார் பக்கம், முன்பே இருக்கும் கறையும் கிழிசலும். கறைகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். வாடகை முடியும்போது சண்டை வருவதெல்லாம் இந்தக் கடைசி இரண்டில்தான். உங்களுக்கு முந்திய திருமணத்துக்கும் உங்களுடையதற்கும் நடுவே எத்தனை நாள் என்றும் கேளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு கவுணைக் கொடுக்கும் கடையில் கழுவக்கூட நேரம் இருக்காது.

முஸ்லிம் மணப்பெண்களுக்கு விற்கும் கடைகள்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மன்னாரிலும் வவுனியாவிலும் கொழும்பிலும் முஸ்லிம் மணப்பெண்களுக்கு உடை வைத்திருக்கும் கடைகளில் வெள்ளையிலும் பால்நிறத்திலும் முழுக்கை, மூடிய கழுத்து, முழு உள்துணி வைத்த கவுண்கள் கிடைக்கும். அவை முதலிலிருந்தே மூடிய உடையாக வெட்டப்பட்டவை. கைக்குழி சரியாக இருக்கும், தோள் தோளில் உட்காரும். ஆயத்தமாக வாங்க வேண்டும் என்றால் நாங்கள் முதலில் அனுப்புவது அங்கேதான்.

குறை இரண்டு. கல்லும் மணியும் நெருக்கமாகப் பதித்தவை அதிகம். கத்தோலிக்கக் கோயிலுக்கு அது பிரச்சினையில்லை, மோர்மன் ஆலயத்துக்கு ஒத்துவராது. வேலைப்பாடு கழுத்திலும் கைமுனையிலும் மட்டும் இருக்கிற எளிய கவுணைப் பொறுக்குங்கள். பதித்த கல்லைப் பிறகு பிடுங்கலாம் என்று எண்ண வேண்டாம், பசை போட்டு ஒட்டிய கல் சற்றினில் கறை விட்டுத்தான் வரும். இரண்டாவது, பால்நிறமும் சந்தன நிறமும் கலந்த துணியை வெள்ளை என்று சொல்லி விற்பது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் துணிக்குப் பக்கத்தில் வையுங்கள், உடனே தெரிந்துவிடும்.

இணையத்தில் வாங்குவது

முகநூலில் விளம்பரம் செய்யும் கவுண்களைப் பற்றிக் கூடச் சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் கை உள்துணி வைத்ததுபோலத் தெரியும், பொதியைப் பிரித்தால் தோல்நிற நெற்றில் ஒட்டிய நாலு பூ. தோல்நிற நெற் உள்துணி ஆகாது. பின்னால் திருத்தக் கூடுதல் துணியும் வராது, தையலுக்கு உள்ளே கால் அங்குலம்கூட விட்டிருக்க மாட்டார்கள். தைப்பதற்கான துணி, லேஸ், பொத்தான் வாங்கக் கொழும்பு போவது வேறு விஷயம், அது பயனுள்ளது. புறக்கோட்டை கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் தெரிவு அதிகம், கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வவுனியாவில் சற்றினும் வொயிலும் பொப்ளினும் கிடைக்கும், நல்ல லேஸ்தான் தேட வேண்டிவரும்.

தைப்பிப்பது

வன்னியில் தையல் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. சேலைச் சட்டை தைத்தே குடும்பம் நடத்துகிற பெண்கள் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கிறார்கள். கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பழகி வந்தவர்களும் வீட்டில் தைக்கிறார்கள். முன்னவர்கள் உடலுக்கு ஒட்டி வெட்டுவதில் கெட்டிக்காரர்கள், பின்னவர்கள் நேர்த்தியாகத் தைத்து முடிப்பதில். கவுணுக்கு இரண்டும் வேண்டும். தெரிவு செய்யுமுன் அவர் தைத்த முழுக்கைச் சட்டை ஒன்றை உள்வெளியாகத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கைக்குழித் தையல் சுருங்காமல் வட்டமாக ஓடுகிறதா, வெட்டு விளிம்பு பிசிறாமல் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூலியைவிட முக்கியமான கேள்வி ஒன்று: "மாதிரித் துணியில முதல்ல தைச்சுக் காட்டுவீங்களா?" இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வடிவத்துக்கு ஏ-லைன்தான் எங்கள் தெரிவு. இடுப்பிலிருந்து மெல்ல விரிந்து கீழே சுற்றளவு 120 அங்குலம் அளவில் வர வேண்டும். ஒட்டிய மீன்வால் வெட்டு அடக்கத்துக்கும் ஆகாது, முழங்காலிடவும் விடாது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் முழங்காலிட வேண்டும், மோர்மன் முத்திரிப்பிலும் மணமக்கள் பீடத்தின் இருபுறமும் முழங்காலில்தான் இருப்பார்கள்.

5 அடி 3 அங்குல உயரப் பெண்ணுக்கு முழுக்கை ஏ-லைன் கவுண் தைக்க 58 அங்குல அகலத் துணி 5 மீற்றர் வேண்டும். 44 அங்குல அகலமானால் 6½ மீற்றர். உள்துணிக்கு 44 அங்குல வெள்ளை கொட்டன் பொப்ளின் அல்லது வொயில் 5 மீற்றர், மேலுடலுக்கும் கைக்கும் லேஸ் 2 மீற்றர், உள்பாவாடைக்கு நெற் 5 மீற்றர், 22 அங்குல மறைசிப் ஒன்று, மாதிரிக்கு மலிவான கொட்டன் 2½ மீற்றர். கண்ணாடி போலப் பளபளக்கும் மெல்லிய சற்றினை எடுக்காதீர்கள். அது ஒவ்வொரு மடிப்பையும் உள்ளாடையின் ஒவ்வொரு விளிம்பையும் காட்டிக்கொடுக்கும். மங்கல் சற்றின் அல்லது கனமான கிரேப் எடுங்கள். கிரேப்பில் வியர்வையும் அவ்வளவாகத் தெரியாது.

உள்துணியைப் பொலியெஸ்ரரில் வைக்கச் சொல்லுவார்கள், வழுக்கலாக இருக்கும், தைக்கவும் சுகம். பங்குனி சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் இருக்கிற கோயிலில், இரண்டு பொலியெஸ்ரருக்குள் நிற்கிற பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கொட்டன்தான் வேண்டும். ஆனால் கொட்டனை வெட்டுமுன் சுடுநீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, அயர்ன் பண்ண வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் கழுவலில் உள்துணி சுருங்கும், மேல்துணி சுருங்காது, கீழ்விளிம்பு பை போலத் தொங்கும்.

இனிக் கை. சேலைச் சட்டை வெட்டிப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். சேலைச் சட்டையின் கை முழங்கைக்கு மேலே முடிகிறது, அதனால் மேற்கைக்கு அரை அங்குலத் தளர்வு விட்டால் போதும். அதே வெட்டை மணிக்கட்டு வரை நீட்டினால் முழங்கை மடியாது. மடித்தால் கை 1½ அங்குலம் மேலே ஏறும், பூச்செண்டு பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் முழுவதும் மணிக்கட்டு வெளியே தெரியும். கை நீளத்தை முழங்கையை மடித்து வைத்து, தோள்முனையிலிருந்து முழங்கை முனை வழியாக மணிக்கட்டு எலும்பு வரை அளக்க வேண்டும். மேற்கைச் சுற்றுக்கு 2 அங்குலத் தளர்வு, முழங்கையில் ஒரு சிறு பிடிப்பு, மணிக்கட்டில் 3 அங்குலப் பிளவும் துணி போர்த்த பொத்தானும். உள்ளங்கையின் அகலமான இடத்தையும் அளந்து கொடுங்கள், பிளவு இல்லாத கைக்குள் கை நுழையாது.

கைக்குழியைக் கீழே இறக்கினால் சுகமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நேர்மாறு. குழி இறங்க இறங்க, கை தூக்கும்போது கவுண் முழுவதும் கூடவே எழும்பும். குழி அக்குளுக்கு முக்கால் அங்குலம் கீழே நிற்கட்டும், கையின் மேல்வளைவைச் சற்றுத் தாழ்த்தி மேற்கையை அகலமாக்கட்டும். இன்னும் இறுகினால் அக்குளில் வைர வடிவில் வெட்டிய 3 அங்குலத் துணித் துண்டு ஒன்று வைத்துத் தைக்கலாம், வெளியே தெரியாது.

கழுத்தை வாயால் சொன்னால் போதாது. பின்கழுத்தை ஆழமாக இறக்கி, கயிறு கட்டி, குஞ்சம் தொங்கவிடுவது இங்கே கைப்பழக்கம். நீங்கள் "மூடி வையுங்கோ" என்று சொல்ல, அவர் 5 அங்குலத்தை மூடியது என்று நினைப்பார். "முன்கழுத்து 3 அங்குலம், பின்கழுத்து 1½ அங்குலம், கயிறு வேண்டாம்" என்று அளவுத்தாளில் எழுதுவியுங்கள். முன்கழுத்து அகலமாகவும் போகக் கூடாது. அகலம் கூடினால் குனியும்போது முன்னால் வாய் பிளக்கும், திருமணப் பதிவில் கையெழுத்திடும் நேரம் படப்பிடிப்பாளர் நிற்பது சரியாக எதிரேதான்.

லேஸ் கையை உள்துணி இல்லாமல் விடச் சொல்லித் தையற்காரியும் தோழிகளும் சேர்ந்து கேட்பார்கள், அப்படி அழகு என்று. மோர்மன் ஆலயத்துக்குப் போகிறவர்கள் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மெல்லிய வொயிலை லேஸோடு ஒன்றாக வைத்து, ஒரே துணியாக வெட்டித் தைத்தால் கனமும் கூடாது, லேஸின் பூவும் வெள்ளைமேல் நன்றாக எழுந்து தெரியும்.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சற்றினில் ஊசி குத்திய துளை மறையாது, ஆகவே குண்டூசியைத் தையலுக்குள் போகும் விளிம்பில் மட்டும் குத்த வேண்டும். இயந்திரத்துக்குப் புது ஊசி, சற்றினுக்கு 11, நெற்றுக்கு 9. பழைய ஊசி நூலிழையை இழுத்துக் கோடு போடும். எண்ணெய் விட்ட இயந்திரத்தில் முதலில் பழந்துணியைப் போட்டுத் தைத்து எண்ணெயை எடுக்க வேண்டும். நிலத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை விரித்துக்கொண்டு தைக்கிற தையற்காரி என்றால் கூலி கொஞ்சம் கூடினாலும் கொடுங்கள். அயர்ன் மெல்லிய சூட்டில், மேலே கொட்டன் துணி போட்டு. நீர் தெளித்தால் சற்றினில் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும்.

கீழ்விளிம்பை அன்றே மடிக்க விடாதீர்கள். தைத்த கவுணை ஒரு நாள் முழுவதும் தொங்கவிட வேண்டும், சாய்வாக வெட்டிய பகுதிகள் இழுபட்டு இறங்கும். பிறகு திருமணத்துக்குப் போடும் செருப்போடு நிற்கவைத்து நிலத்திலிருந்து அளந்து குறிக்க வேண்டும். சீமெந்துத் தரைக்கு 1 அங்குல உயரம் போதும். கோயில் முற்றம் கிறவல் என்றால் 1½ அங்குலம் விடுங்கள். செம்மண் பட்டுவிட்டால் ஈரத்தில் தேய்க்கக் கூடாது, அப்பிக்கொள்ளும். காயவிட்டுத் தட்டித் தூரிகையால் உதிர்த்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் சவர்க்காரம்.

வளையம் வைத்த உள்பாவாடையைப் பார்லர்காரர் கொடுப்பார். வாங்காதீர்கள். கதிரையில் இருந்ததும் பின்வளையம் அழுத்தப்பட்டு முன்வளையம் மேலே எழும்பும், கால் தெரியும். மூன்றடுக்கு நெற் உள்பாவாடை தைத்து, தோலில் உரசாமல் அதற்குள்ளே ஒரு கொட்டன் அடுக்கு வையுங்கள். அக்குளுக்கு இரண்டு மடிப்புக் கொட்டனில் பிறைவடிவ வியர்வைத் துண்டு வெட்டி, கழற்றக்கூடியதாகத் தொட்டுத் தைத்துவிட்டால் சற்றினில் ஈரக்கோடு விழாது.

காலக்கணக்கு: திருமணத்துக்கு மூன்று மாதம் முன் அளவு. இரண்டு வாரத்தில் மாதிரித் துணியில் மேலுடலும் கையும். அதைப் போட்டுப் பார்த்துத் திருத்திய பிறகுதான் நல்ல துணியில் கத்தரி. பிறகு தொட்டுத் தைத்த நிலையில் ஒரு தடவை, முடித்த பிறகு ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். கடைசித் தடவை திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது இருக்கட்டும். தீபாவளி, நத்தார், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு என்று எந்தத் தையற்காரிக்கும் நெரிசல் வரும். உங்கள் தையல் அந்த வாரங்களில் விழாதபடி முன்கூட்டிக் கொடுங்கள்.

கடைசியாகப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்பது மட்டும் போதாது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள், இடுப்புத் தையல் 1 அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது. முன்னால் குனியுங்கள், கழுத்து பிளக்கிறதா என்று எதிரே ஒருவர் பார்க்கட்டும். முழங்காலிட்டு, கையூன்றாமல் எழும்புங்கள். கதிரையில் இருங்கள். வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், காலின் நிழல் தெரிந்தால் உள்துணி போதாது. கைபேசியில் பிளாஷ் போட்டு அண்மையில் ஒரு படம் எடுங்கள், வெள்ளைத் துணி பிளாஷில் வெயிலைவிட மோசமாகக் காட்டிக்கொடுக்கும். ஆலய உள்ளாடை வெள்ளையாகவே இருக்க வேண்டிய மோர்மன் பெண்களுக்கு இந்தக் கடைசிப் பரிசோதனை மிக முக்கியம், தோல்நிறம் போட்டு மறைக்கும் வழி அவர்களுக்கு இல்லை.

பார்லர்

அலங்காரம், கவுண், நெற், பூச்செண்டு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுவார்கள். கவுணைத் தள்ளி அலங்காரத்துக்கு மட்டும் தனித் தொகை கேளுங்கள், தராத பார்லரை விட்டுவிடுங்கள். தலை நெற்றைக் கவுணின் தோளில் ஊசியால் குத்துவார்கள், துளை விழும். கொண்டையில் சீப்பால் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், காற்றுக்கு விளிம்பில் நாலைந்து சிறு மணி தைத்தால் பறக்காது. மூடிய கழுத்துக் கவுணில் முகப்பூச்சு பட்டுவிடும் என்பதால், அலங்காரத்துக்கு முன்பே கவுணைக் காலால் ஏறிப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வது நல்லது.

சேலை

வெள்ளைச் சேலையை மறந்துவிட வேண்டாம். இங்கே தேவாலயத் திருமணத்தில் வெள்ளைச் சேலைக்கும் தலை நெற்றுக்கும் நல்ல இடம் இருக்கிறது. முக்கால் கை வைத்து, இடுப்பை மூடும் நீளத்தில், பின்கழுத்தை உயர்த்திச் சட்டை தைத்தால் எந்தக் கவுணைவிடவும் அடக்கமாகவும் குறைந்த செலவிலும் முடியும். மோர்மன் பெண்கள் சபைத் திருமணத்துக்குச் சேலை உடுத்திவிட்டு, ஆலயத்துக்கு என்ன உடை என்பதைக் தங்கள் உள்ளூர்ச் சபைக் கிளைத் தலைவரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆலயத்துக்குக் கொண்டுபோவது

இலங்கையில் மோர்மன் சபைக்கு ஆலயம் இல்லை, முத்திரிப்புக்கு வெளிநாடு போக வேண்டும். இந்தியாவில் பெங்களூருவுக்கு 2018 ஏப்ரலில் ஆலயம் அறிவிக்கப்பட்டது. 2019 மே மாதத்திலிருந்து, சட்டப்படி திருமணம் செய்த தம்பதியர் முத்திரிப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு நீங்கிவிட்டது. ஆகவே ஊரில் திருமணம், சில நாளில் பயணம், அங்கே முத்திரிப்பு என்று ஒரே கவுணை இரண்டு இடத்திலும் உடுத்த முடிகிறது. அப்படித் திட்டமிட்டால் கவுண் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கிரேப்பில் தைத்த ஏ-லைன் மடிந்து கொள்ளும், மூன்றடுக்கு நெற் உள்பாவாடையை ஊரிலேயே விட்டுவிடலாம். வாலே வைக்காமல் தைப்பது எல்லாவற்றிலும் நல்லது. ஊர்ப் படத்துக்கு வால் வேண்டுமென்றால் இடுப்பில் கொளுக்கி போட்டு மாட்டும் தனித் துண்டாகத் தைப்பியுங்கள்.

மடிக்கும்போது மடிப்புகளுக்குள் சாயம் போகாத வெள்ளைக் கொட்டன் துணியைச் சுருட்டி வையுங்கள். போய் இறங்கியதும் குளியலறையில் சுடுநீரைத் திறந்துவிட்டு ஆவியில் தொங்கவிட்டால் சுருக்கம் இளகும். மாலையின் மகரந்தமும் மஞ்சளும் சந்தனமும் பட்டிருந்தால் பயணத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மகரந்தத்தை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைத்தால் பரவும். மஞ்சள் கறைக்குச் சவர்க்காரம் போட்டதும் முதலில் சிவக்கும், பயப்படாமல் அலசி வெயிலில் காயவிட மங்கிப் போகும். எதுவும் சரிவராவிட்டால் பதற வேண்டாம், ஆலயத்திலேயே உடுத்த உடை தருவார்கள், மணப்பெண்ணும் அதை அணியலாம்.

திருமணம் முடிந்த கவுணைக் கடை கொடுத்த பிளாஸ்ரிக் உறையில் வைக்காதீர்கள், ஈரம் அடைத்து மஞ்சளடிக்கும். கழுவி, முழுதாகக் காயவிட்டு, பழைய வெள்ளைக் கொட்டன் விரிப்பில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை துணியில் நேரே படக் கூடாது, சிறு துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். மாரி முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும்.